டாங்கிக்குள் ஓர் ஆளை உட்கார வையுங்கள்

ஓய்வு நேரத்தில் டாங்கி மாடல் செய்கிறேன் என்று சொன்னால் இரண்டு விதமான பதில் வருகிறது. "இந்த வயசுல பொம்மையா?" என்பது ஒன்று. "சண்டைக் கருவியை வீட்டு அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் எளிது. இரண்டாவது நியாயமான கேள்வி. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பொம்மை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பிரெஞ்சு மீடியத்தில் படித்த நம்மவர்களுக்கு 'ழுவே' வேறு, 'மக்கெத்' வேறு என்று தெரியும். குழந்தை உருட்டி விளையாடுவது ழுவே. கட்டடம் எழும்புவதற்கு முன்னால் அதன் சிறு வடிவத்தைச் செய்து காட்டுகிறார்களே, அது மக்கெத். பெட்டியில் வாங்கி ஒட்டிச் செய்யும் கப்பல், விமானம், டாங்கி எல்லாவற்றுக்கும் அந்த மக்கெத் என்ற பெயர்தான். ஒன்றைப் புரிந்துகொள்வதற்காகச் சிறியதாகச் செய்து பார்ப்பது என்று நான் பொருள் கொள்கிறேன்.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: பாகங்கள் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொன்றாக நிப்பரால் வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, சாமணத்தால் பிடித்து, பிளாஸ்டிக்கை உருக்கி இணைக்கும் பசையால் ஒட்ட வேண்டும். வரிசை மாறக்கூடாது. உள்ளே போக வேண்டிய பாகத்தை மறந்துவிட்டு மேல்தட்டை மூடினால் மூடியதுதான். பல ஆண்டுகள் கோப்பு பார்த்தவனுக்கு இது பழகிய ஒழுங்கு.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒரு வண்டியையே எடுத்துக்கொள்வோம். ஏ.எம்.எக்ஸ்-13. பாரிசை ஒட்டியுள்ள இஸ்ஸி-லெ-மூலினோ ஆயுதத் தொழிற்சாலையின் பெயர்தான் அந்த மூன்று எழுத்து. 13 என்பது அது இருக்க வேண்டும் என்று நினைத்த எடை, டன் கணக்கில். கடைசியில் 15 டன் அளவுக்கு வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் திட்டமிட்ட இலேசான டாங்கி. அதன் 75 மி.மீ. பீரங்கி, பகைவனான ஜெர்மானியரின் பேந்தர் டாங்கி பீரங்கியை அடியொற்றிச் செய்தது. 1950-களின் பிற்பகுதியில் இந்தியாவும் இதை வாங்கியது.

மாடல் செய்பவர்கள் இந்த வண்டியை விரும்புவதற்குக் காரணம் அதன் தலை. மற்ற டாங்கிகளில் பீரங்கிக் குழல் மட்டும் ஏறி இறங்கும். இதில் தலையின் மேல்பாதி முழுவதும் குழலோடு சேர்ந்து சாயும். அதனால் குண்டு நிரப்பும் வேலையை இயந்திரத்திடம் விட முடிந்தது. ஆறு ஆறாக இரண்டு சுழல் உருளைகளில் பன்னிரண்டு குண்டுகள். ஆட்கள் மூன்றே பேர். பெட்டியில் இதைப் படித்தால் "ஆகா, என்ன மூளை!" என்று தோன்றும்.

செய்து பார்க்கும்போதுதான் மறுபக்கம் தெரிகிறது. வழக்கமான அளவு 35-இல் ஒரு பங்கு. (ஜப்பானின் தமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்த பேந்தர் மாடலைச் செய்தபோது, உள்ளே பேட்டரி அடங்க வேண்டுமே என்று அமைந்த அளவு அது.) ஐந்தரை அடி மனிதன் இந்த அளவில் ஐந்து சென்டிமீட்டர்கூட வரமாட்டான். வண்டியின் உடல் நீளம் 14 சென்டிமீட்டர், அகலம் ஏழு. முன்பக்கம் வலப்புறத்தை எஞ்சின் எடுத்துக்கொள்ளும், இடப்புறம் ஓட்டுநர். தலைக்குள் இருவர். அங்கே அவர்களை வைத்துப் பாருங்கள், முழங்காலை மடக்க இடம் தேட வேண்டும்.

அதைவிட முக்கியம் தகட்டின் கனம். இந்த வண்டியின் கவசம் மிகக் கனமான இடத்திலேயே 40 மி.மீ. 35-ஆல் வகுத்தால் ஒரு மி.மீ.க்குச் சற்று மேல். கையில் இருக்கும் பிளாஸ்டிக்கின் கனமும் ஏறக்குறைய அவ்வளவுதான்! விரலால் அழுத்தினால் வளைகிற அந்தத் தகட்டை நம்பி மூன்று பேர் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு குண்டும் தீர்ந்தால் பின்வாங்கிப் போய், வெளியிலிருந்துதான் உருளைகளை நிரப்ப வேண்டும்.

1965 செப்டம்பர் 1 அன்று சாம்ப் பகுதியில், 20-வது லான்சர்ஸ் படையின் ஒரே ஒரு ஸ்குவாட்ரன் இந்த வண்டிகளோடு பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை எதிர்த்து நின்றது. பாட்டனின் எடை இதைப்போல மூன்று மடங்கு. ஸ்குவாட்ரனை நடத்திய மேஜர் பாஸ்கர் ராய்க்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. அந்த விருதின் பொருள் எனக்கு விளங்கியது வரலாற்றுப் புத்தகத்தில் அல்ல, இந்தத் தகட்டை உப்புத்தாளில் தேய்த்தபோதுதான்.

அல்ஜீரியாவில் பணியாற்றிய சொல்தா ஒருவர் எங்கள் உறவில் இருந்தார், எனக்கு மாமா முறை. நம் ஊரில் தெருவுக்கு ஒரு சொல்தா வீடு இருந்த காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பென்ஷன் பற்றிப் பேசுவார்கள், ஜூலை 14 அன்று பதக்கம் அணிந்து கடற்கரை நினைவுச் சின்னத்துக்குப் போவார்கள். சண்டையைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். மாமா ஒருநாள் என் மேசை மேலிருந்த மாடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, தீப்பிடிச்சா எந்த வழியா இறங்குவாங்க?" என்று கேட்டார். மூடிகளைக் காட்டினேன். ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து போரைப் பற்றி நான் கேட்ட ஒரே பேச்சு அது.

ஆகவே என் கருத்து இது. டாங்கி மாடல் போரை மெச்சுவதும் மெச்சாததும் செய்கிறவர் கையில் இருக்கிறது. ஆணி எண்ணிக்கை சரியா, பச்சை நிறம் சரியா என்று மாதக்கணக்கில் வாதாடும் நண்பர்கள், உள்ளே யார் இருந்தார்கள் என்று ஒரு நாளும் கேட்பதில்லை. பளபளவென்று வண்ணம் பூசி, ஆளில்லாமல் கண்ணாடிப் பெட்டியில் நிறுத்தினால் அது வெறும் விளம்பரம். மூடியைத் திறந்து, ஓர் ஆளின் தலையும் தோளும் தெரியும்படி வையுங்கள். வீர முழக்கம் செய்பவனாக வேண்டாம், களைத்துப்போனவனாக இருக்கட்டும். சக்கரத்தில் சேறு இருக்கட்டும். அடியில் எந்தப் படை, எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள்.

ஆயுத வடிவமே வீட்டில் வேண்டாம் என்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளும் கைப்பேசியில் டாங்கி ஓட்டுகிறார்கள். அங்கே வண்டி வெடித்தால் அடுத்த நிமிடம் புதிய வண்டி வந்துவிடுகிறது. என் மேசையில் ஒரு வண்டியைச் செய்ய ஆறு வாரம் ஆகிறது. ஓட்டுநரை அவன் இடத்தில் உட்கார வைக்கும் வேலையை என் பேரனிடம் கொடுத்தேன். வைத்துவிட்டு, "தாத்தா, இவர் பேர் என்ன?" என்று கேட்டான். கைப்பேசி விளையாட்டில் அவன் இதுவரை கேட்காத கேள்வி.

விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்தால் முயன்று பாருங்கள். நல்ல வெளிச்சம், ஒரு பூதக்கண்ணாடி, ஜன்னலைத் திறந்து வைத்த அறை போதும். கை நடுங்குகிறதே என்று தயங்க வேண்டாம். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் பாதி குறைந்துவிடும்.