பழைய லேப்டாப்பைத் தூக்கி எறிவதா?

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் பழைய பங்களாக்கள் பல மறைந்து, அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. எஞ்சியுள்ள பழைய வீடு ஒன்றுக்குப் புதுக் கதவு தேவைப்படுகிறது. கடையில் விற்கும் கதவோ அந்த வீட்டு நிலைக்குப் பொருந்தவில்லை. அதற்காக வீட்டையே இடிப்பார் உண்டோ? மரத்தை வாங்கித் தச்சரிடம் கொடுத்து, நிலைக்குத் தக்கபடி கதவு செய்துகொள்வதே உலக வழக்கம். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் இந்த விவேகம் பலரிடம் காணப்படுவதில்லை!

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தால், லட்சக்கணக்கான மாணவர் வீடுகளுக்கு லேப்டாப் வந்து சேர்ந்தது. அவற்றில் பலவற்றில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. 'டெபியன்' லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது அது. அந்த லேப்டாப்களில் இன்றும் இயங்கக்கூடியவை பரணில் தூங்குகின்றன. "புதிய புரோகிராம் ஏறவில்லை" என்பதே அவற்றின் மீது சாட்டப்படும் குற்றம்.

ஏன் ஏறவில்லை?

இயந்திரம் கெட்டுவிட்டது என்பதல்ல காரணம். லினக்ஸில் ஓடும் புரோகிராம்களில் பெரும்பாலானவை 'ஜி-லிப்-சி' என்ற பொது நூலகத்தை நம்பியிருக்கின்றன. புதிய நூலகத்தை வைத்துத் தயாரான புரோகிராம், பழைய நூலகத்தைக் கண்டதும் ஓட மறுக்கும். கடைக் கதவு பழைய நிலையில் சேராத கதைதான் இது. அவசரப்பட்டு நூலகத்தை மட்டும் மாற்றப் போனால், ஓடிக்கொண்டிருப்பதும் நின்றுபோகும் அபாயம் உண்டு.

லினக்ஸ் உலகில் மரமும் கிடைக்கிறது என்பதே அதன் பெருமை. புரோகிராமின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதை இறக்கி, பழைய கம்ப்யூட்டரில் உள்ள நூலகத்தை வைத்தே மறுபடி தொகுத்தால், பெரும்பாலும் பொருந்திவிடும். சில வேளை கதவுக்குக் கீல், கீலுக்கு ஆணி என்பதுபோல, ஒரு புரோகிராமுக்காக நாலைந்து துணைப் புரோகிராம்களையும் தொகுக்க நேரும். பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் மந்திர வித்தை அல்ல.

ஒருவர் செய்தால் போதும்

டெபியன் தொண்டர்கள் இதை ஓர் அமைப்பாகவே செய்கிறார்கள். அடுத்த பதிப்புக்காகத் தயாராகும் புரோகிராம்களை, நடப்புப் பதிப்புக்கு ஏற்பத் தொகுத்து வழங்கும் 'பேக்போர்ட்ஸ்' சேவை, 2010 முதல் டெபியனின் அதிகாரபூர்வ சேவையாக நடந்து வருகிறது. ஒருவர் தொகுக்கிறார், உலகமே பயன்படுத்துகிறது.

"புதிய லினக்ஸையே இலவசமாகப் போட்டுக்கொள்ளலாமே?" என்பார்கள். நியாயமான கேள்வி. டெபியன் பதிப்பு ஒன்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் சுமார் 5 ஆண்டு கிடைக்கின்றன. அந்தக் கெடு முடிந்த பதிப்பை மாற்றித்தான் ஆகவேண்டும். ஆனால் கெடு முடியாத பதிப்பை, ஒரே ஒரு புதிய புரோகிராமுக்காக அடியோடு மாற்றத் தேவையில்லை. அதே சமயம், சொந்தமாகத் தொகுத்த புரோகிராமுக்குத் திருத்தம் தானாக வந்து சேராது. ஓட்டை கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு முறையும் மறுபடி தொகுத்தாக வேண்டும். ஆகவே, அவசியமான நாலு புரோகிராம்களுக்கு மட்டுமே இந்த வைத்தியம் தகும்.

இந்தப் பொறுப்பை ஏழை மாணவன் தனியே சுமக்க முடியுமா? முடியாது. பொறியியல் கல்லூரிகள் இதைச் செய்முறைப் பாடமாக்கலாம். மாணவர்கள் தொகுத்ததை ஆசிரியர்கள் சோதிக்க வேண்டும். அரசு ஒரு பொதுக் களஞ்சியம் வைத்து அதை ஊருக்கெல்லாம் வழங்க வேண்டும். லேப்டாப் வாங்கக் கோடிகளைச் செலவிட்ட அரசுக்கு இது பெரிய செலவாகாது.

மரம் இலவசமாகக் கிடைக்கிறது. தச்சர்களை உருவாக்குவதுதான் பாக்கி.