மலை வழிவிட்டது! டில்லி?

விஸ்வநத்தத்திலும் சுற்றூர்களிலும் பாட்டாளிகள் விரலெல்லாம் மருந்துத் தூசு படியக் கட்டும் பட்டாசு, வடபுலத்துத் தீபாவளிக்கு வாணவேடிக்கையாகிறது. அந்தப் பட்டாசு ரயிலேறக் கூடாது; ஏற்றினால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம். ஆபத்தான பண்டம், ஒப்புகிறோம். ஆனால், பண்டம் ஏறக்கூடாது என்றால், அதைச் செய்த பாட்டாளியும் ஏறக்கூடாதா?

பாதை இல்லையா? இருக்கிறது! 1904-லேயே மலையைக் குடைந்து செங்கோட்டையைக் கொல்லத்தோடு இணைத்தனர். விருதுநகரிலிருந்து சிவகாசி வழியே தென்காசிக்கு 1927-இல் தண்டவாளம் வந்தது. 1956 நவம்பர் முதல் நாள், திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்த செங்கோட்டை நம்மோடு சேர்ந்தது. எல்லைக்கோடு இடம் மாறிற்று, இருப்புப்பாதை மாறவில்லை. கேரளத்தோடு நமக்கு நதிநீரில் வழக்குண்டு. இந்தத் தண்டவாளத்தில் வழக்கேது?

அகலப்பாதைக்கென்று 2010-இல் மலைப்பகுதியை மூடினர். எட்டாண்டு காத்தோம், 2018-இல் திறந்தனர். பிறகேனும் அன்றாடப் பயணிக்கு விடிந்ததா? 2023 ஆகஸ்டில் மதுரை - செங்கோட்டை வண்டி ஒன்றையும், செங்கோட்டை - கொல்லம் வண்டி ஒன்றையும், புனலூர் - குருவாயூர் விரைவு வண்டியோடு முடிச்சுப் போட்டனர். நெடுந்தொலைவு செல்வோர்க்கு அது நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த ஊருக்கு வேலைக்குப் போகிறவன் கதி? கொரோனாக் காலத்தில் 10 ரூபாயிலிருந்து 30 ஆக்கப்பட்ட குறைந்தபட்சக் கட்டணம், 2024 பிப்ரவரியில் சாதாரண வண்டிகளுக்கு மீண்டும் 10 ஆயிற்று. விரைவு எனப் பெயர் சூடிய வண்டிக்கோ 30-தான்! பெயர் மாற்றம் பயணிக்கு; பணமாற்றம் ரயில்வேக்கு!

"ரயில் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது, மாநிலம் என்ன செய்யும்?" என்று கேட்பார் உளர். டில்லியைப் பாருங்கள் என்கிறோம். 2013-இல் அங்கே ஒரு கூட்டுக் கழகம் அமைத்தனர். ஒன்றிய அரசுக்குப் பாதிப் பங்கு. டில்லி, அரியானா, உத்தரப்பிரதேசம், இராஜஸ்தான் நான்குக்கும் மீதிப் பாதி சமமாக. அந்தக் கழகம் டில்லி - மீரட் பாதையில் 2023 அக்டோபரில் வண்டியை ஓட்டிக் காட்டிற்று. கடலுக்கு அப்பாலும் காண்க: டென்மார்க்கும் சுவீடனும் 2000-இல் பாலங்கட்டின, ஒரு நாட்டில் உறங்கி மறுநாட்டில் உழைப்போர் நாள்தோறும் ரயிலில் போய் வருகின்றனர். இரு நாடுகளுக்கு இயல்வது இரு மாநிலங்களுக்கு இயலாதா? டில்லிக்கு அருகே அரசியல் சட்டம் வளைந்து கொடுக்கும், தென்காசிக்கு வந்தால் மட்டும் விறைத்து நிற்குமா?

நாம் கேட்பது புதுப்பாதையன்று, பிச்சையுமன்று. தமிழகமும் கேரளமும் பங்குபெறும் கூட்டுக் கழகம் ஒன்று. மதுரைக்கும் கொல்லத்துக்கும் இடையே, வேலைக்குச் செல்லும் காலையிலும் வீடு திரும்பும் மாலையிலும், சாதாரணக் கட்டணத்தில் வண்டிகள். கால அட்டவணையைத் தொழிலாளியின் கடிகாரம் எழுதட்டும்!

தோழர்களே! விருதுநகர் முதல் புனலூர் வரை நிலையந்தோறும் இதைப் பேசுங்கள். மலையாளத் தோழரையும் மேடையேற்றுங்கள். பாறை மலை அன்றே வழிவிட்டது. டில்லியின் மனம் பாறையினும் கடிதோ?