உப்பும் திரும்பி வருகிறது!

பருத்திப் பனியனில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். ஒரு கைப்பிடி அல்ல, மூட்டை மூட்டையாக வேண்டும். சாயம் ஏறியதும் உப்பின் வேலை முடிந்துவிடும். அது துணியோடு வராது. தண்ணீரிலேயே தங்கிவிடும்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அந்தத் தண்ணீரைப் பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில் விட்டன. பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணையில் சாயக் கழிவு தேங்கியது. கிணறுகள் உப்பாயின. பயிர் கருகியது. தண்ணீர் வேண்டும் என்று வழக்காடும் நாட்டில், இந்தத் தண்ணீரிலிருந்து காப்பாற்றுங்கள் என்று உழவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள்!

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பலர் பிழைப்பு போயிற்று. திறக்க வேண்டுமானால், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது.

எப்படி முடியும்?

முதலில் கழிவு நீரின் அழுக்கையும் நிறத்தையும் நீக்குகிறார்கள். பிறகு நுண்ணிய துளைகளுள்ள சவ்வின் வழியே அதை அழுத்தித் தள்ளுகிறார்கள். நல்ல நீர் அந்தப் பக்கம் போகிறது. உப்பு நீர் இந்தப் பக்கம் நிற்கிறது. அதைக் காய்ச்சி ஆவியாக்கினால் உப்பு கிடைக்கிறது. 100 குடம் நீரில் 90 குடத்துக்கு மேல் மறுபடி சாயத் தொட்டிக்கே வந்துவிடுகிறது. உப்பும் கூடவே வருகிறது.

காய்ச்சுவதில்தான் செலவு அதிகம். ஆகவே சில நிலையங்கள் ஒரு யுக்தி செய்தன. உப்பு நீரைக் காய்ச்சாமல், சுத்தம் செய்து அப்படியே சாயமேற்றப் பயன்படுத்தின. எரிபொருள் மிச்சம், உப்பு வாங்கும் பணமும் மிச்சம்.

வெட்டும்போது விழும் துண்டுத் துணியைத் திருப்பூர் என்றுமே வீணாக்கியதில்லை. எந்த மோட்டார் பட்டறையிலும் கை துடைக்கும் துணி எது? பனியன் வேஸ்ட்தானே! மிச்சத்தைப் பஞ்சாக்கி நூலாக நூற்பவர்களும் உண்டு. துணிக்கு இருந்த கணக்கு தண்ணீருக்கு மட்டும் இல்லாமல் போயிற்று. ஆற்றில் விடுவதற்குக் காசு இல்லையே!

இப்போது காசு ஆகிறது. கழிவை அப்படியே வெளியே விடும் ஊரில் சாயக் கூலி குறைவு. அந்த விலையோடு திருப்பூர் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. சுத்தமாகச் செய்த துணிதான் வேண்டும் என்று கேட்கும் வெளிநாட்டு வியாபாரிகள், அதற்குரிய விலையையும் தருவதே நியாயம்.

இன்னொரு தொல்லையும் பாக்கி. கடைசியில் மிஞ்சும் சேற்றைச் சிமெண்டு ஆலைகள் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் பலவகை உப்பும் கலந்த கலப்பு உப்பு எந்தத் தொட்டிக்கும் உதவாது. மழை படாமல் கொட்டகையில் அடுக்கி வைக்கிறார்கள். மூட்டைகள் சேர்ந்துகொண்டே வருகின்றன.