கஞ்சி வீடு

மறுபடியும் அந்தப் பட்டியல் வந்துவிட்டது. ஆங்கிலமே தமிழிலிருந்து பிறந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுமே, அதேதான். எட்டிலிருந்து எய்ட்டாம், வெற்றியிலிருந்து விக்டரியாம். விக்டரி லத்தீன் வழி வந்தது என்று இந்தப் பக்கத்தில் நான் எத்தனை முறை புலம்பினாலும் அனுப்புகிறவர்கள் அசருவதாக இல்லை.

எரிச்சல் என்னவென்றால், நிஜமாகவே நம்மிடமிருந்து போன 'கேட்டமரான்' அதில் கடைசியில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. கட்டுமரம்தான் அது. ஆனால் இன்று பணக்காரர்கள் உல்லாசமாகப் போகும் கேட்டமரான் இரட்டை உடல் கொண்ட படகு. அமெரிக்காவில் ஹெரஷாஃப் என்பவர் 1876-இல் அப்படியொன்றைக் கட்டிப் பந்தயத்தில் விட்டார். கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குப் போன நம் மீனவர்களின் மரத்துக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சண்டைக்காரப் பெண்ணுக்கும் கேட்டமரான் என்றே பெயர். இதற்கும் சேர்த்துப் பெருமைப்படலாமே!

கோபம் வந்தால் நான் எடுப்பது, ஆங்கிலத்தில் புகுந்த இந்தியச் சொற்களைத் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியை. (ஆமாம், மறுபடியும்.) மொகரம் ஊர்வலத்தில் எழுந்த "யா ஹசன், யா ஹுசைன்" வெள்ளைக்காரச் சிப்பாய்களின் வாயில் பட்ட பாடுதான் அந்தத் தலைப்பு. எழுதிய இருவரில் ஹென்றி யூல் ராணுவப் பொறியாளர்; இன்னொருவர் ஆர்தர் பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதி. அரண்மனையிலிருந்த சமஸ்கிருதச் சுவடிகளுக்கெல்லாம் அட்டவணை போட்ட மனிதர். யூல் இத்தாலியில் பலெர்மோவில் இருந்தார். இருவருக்கும் இடையே ஓடிய கடிதங்களில்தான் புத்தகம் வளர்ந்தது. 1886-இல் அது அச்சேறியபோது பர்னெல் இல்லை. 1882-இல், நாற்பத்திரண்டு வயதிலேயே போய்விட்டார். தஞ்சாவூர்க்காரர்களே இவரை மறந்துவிட்டார்கள் என்பதில் எனக்கு ஆறாத வருத்தம்.

சுருட்டு, தோப்பு, கறி, மிளகுத்தண்ணீர் எல்லாம் ஆங்கில வேடத்தில் அந்த அகராதியில் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது 'காஞ்சி ஹவுஸ்'. கஞ்சி வீடு என்றதும் தர்மசாலை என்று நினைக்காதீர்கள். தப்பு செய்த சிப்பாயை அடைத்து வைக்கும் படைக் கொட்டடி அது. உள்ளே கிடைப்பது கஞ்சி என்பதால் அந்தப் பெயர். எந்தப் பட்டியலும் இந்தச் சொல்லைச் சொல்வதில்லை.

புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அடுத்த பட்டியலை எனக்கு அனுப்பும் முன் அதில் ஒரு பக்கமாவது படித்துவிடுங்கள்.