தம்பி மீது அடிதடி கேஸ்: முதலில் கேட்க வேண்டியது 'எந்த செக்‌ஷன்?'

பார்க்கிங் தகராறில் ஆரம்பித்த வாக்குவாதம் கைகலப்பில் முடிகிறது. "தம்பியை ஸ்டேஷன்ல உட்கார வெச்சிருக்காங்க" என்று போன் வந்ததும், வெளியூரில் வேலை பார்க்கும் அக்காவோ அண்ணனோ முதலில் தேடுவது 'நமக்கு யாரைத் தெரியும்?' என்பதைத்தான். அதைவிட அவசரமான கேள்வி, எந்தப் பிரிவில் வழக்கு என்பது. ஜாமீன், கைது, சமரசம் மூன்றும் அதைப் பொறுத்தவை.

2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதாதான் பொருந்தும். கையால் அடித்து சாதாரணக் காயம் என்றால் 115(2), அதாவது பழைய 323. அதிகபட்சம் ஓராண்டு சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். இந்தப் பிரிவு மட்டும் இருந்தால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணையே தொடங்க முடியாது. ஆனால் பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியதாக 296-ஐயும் சேர்த்து எழுதினால், மொத்த வழக்குமே போலீஸ் நேரடியாக விசாரிக்கும் வழக்காகிவிடும். தமிழ்நாட்டு எஃப்.ஐ.ஆர்.களில் இந்த ஜோடி ரொம்பவே சகஜம்.

எலும்பு முறிந்தாலோ பல் உடைந்தாலோ அது கொடுங்காயம். பிரிவு 117(2), ஏழு ஆண்டு வரை சிறை. கத்தி மாதிரி ஆபத்தான ஆயுதத்தால் சாதாரணக் காயம் என்றால் 118(1), மூன்று ஆண்டு வரை. இதில் ஒரு விசித்திரம்: கை எலும்பை உடைத்த கேஸில் ஜாமீன் உரிமை, கத்திக் கீறல் கேஸில் நீதிமன்றம் மனசு வைக்க வேண்டும். முன்ஜாமீன் பற்றி வக்கீலிடம் உடனே பேச வேண்டியது இந்த மாதிரி ஜாமீனில் வர முடியாத பிரிவுகளுக்குத்தான். இன்னொன்று, முதல் நாள் போட்ட பிரிவே கடைசி வரை இருக்கும் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். எக்ஸ்ரேயில் முறிவு தெரிந்தால் 115(2), 117(2) ஆக மாறும்.

கைது செய்தே ஆக வேண்டுமா?

இல்லை. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நடக்கக் கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைது தேவையில்லை என்றால் நேரில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். அது வாட்ஸ்அப்பில் வந்தால் செல்லாது என்பது 2025 ஜனவரி உத்தரவு. அதற்காக அந்த மெசேஜைப் பார்க்காத மாதிரி இருந்துவிட வேண்டாம், வக்கீலுக்கு அனுப்பிவிடுங்கள்.

கைது செய்தால் குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, புனேயில் மாட்டிக்கொண்ட தமிழ்ப் பையனுக்கு ரொம்பவே உதவும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வெற்றுத் தாளில் கையெழுத்து, எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100-ல் சட்ட உதவி ஆணையத்தைக் கூப்பிடலாம்; காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது.

"போய் பேசி முடிச்சிடலாமா?"

பெரும்பாலான குடும்பங்கள் சறுக்கும் இடம் இது. அம்மாவும் மாமாவும் அன்றைக்கே புகார் கொடுத்தவர் வீட்டுக்குக் கிளம்புவார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அங்கே குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் 'மிரட்டினார்கள்' என்று இன்னொரு புகார் வரும். தம்பிக்குக் கிடைத்த ஜாமீனே ரத்தாகலாம். கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு வருவதால் எஃப்.ஐ.ஆர். மூடப்படாது.

சமரசத்துக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 115(2)-ல் காயம்பட்டவர் நீதிமன்றத்தில் சமாதானமாகிக்கொள்ளலாம். 117(2)-ல் நீதிமன்ற அனுமதி வேண்டும். 118(1)-ல் அந்த வசதி இல்லை. இரு தரப்பும் சேர்ந்து உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும். பேச்சை வக்கீல் மூலமாகவே நடத்துங்கள்.

பேசப் போகிற அந்த அலைச்சலை ஆதாரத்துக்குச் செலவிடலாம். அபார்ட்மென்ட் சிசிடிவி பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும். பாதுகாத்து வைக்கும்படி செக்ரட்டரிக்கு எழுத்தில் கேளுங்கள். தம்பிக்கும் அடிபட்டிருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, யார், எதால் அடித்தார்கள் என்பதைப் பதிய வையுங்கள். போனில் இருக்கும் சாட்டை அழிக்கவே வேண்டாம். ஆதாரத்தை அழிப்பது தனிக் குற்றம், அதுவும் அழித்தவர் மேல் பாயும்.

ஆன்சைட் வாய்ப்பு காத்திருக்கிற தம்பி என்றால் இதையும் கவனியுங்கள்: நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட்டை மறுக்கலாம். அந்த நீதிமன்றத்திடமே வெளிநாடு செல்ல அனுமதி பெற்று விண்ணப்பிக்கலாம். படிவத்தில் வழக்கை மறைத்தால், அதுவே புது வழக்காகிவிடும்.