சிலந்தியைப் பற்றி ஒரு பிள்ளை கேட்ட கேள்வி



"ரெண்டு சிலந்தியும் பார்க்க ஒரே மாதிரி. வேற வேற இனம் என்டு எப்பிடி சேர் கண்டுபுடிக்கிற?" தரம் 10 பிள்ளை ஒருவர் கேட்டார். நிறத்தைப் பார்த்து என்று சொல்லிவிட்டு நாங்கள் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். பிழை எங்களுடையது. பெரும்பாலும் நுணுக்குக்காட்டியில் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்துத்தான் இனத்தை உறுதி செய்கிறார்கள்.

ஆண் சிலந்தியின் வாயருகே குட்டைக் கால் போல இரண்டு உறுப்புகள் உண்டு. அவற்றில்தான் விந்தை எடுத்து வைத்திருக்கும். பெண்ணின் வயிற்றின் அடியில் அதற்கான துவாரங்கள் இருக்கும். உடம்பு ஒரே மாதிரி இருந்தாலும் இவற்றின் வடிவம் இனத்துக்கு இனம் மாறும்.

ஏன்? வேற்றினம் கலக்காமல் இருக்க, பூட்டும் சாவியும் போல என்பதே பலருக்கும் தெரிந்த பதில். 1844இல் பூச்சிகளைப் பார்த்து லியோன் டுஃபூர் சொன்ன கருத்து அது. ஆனால் நெருங்கிய இனம் பக்கத்திலேயே இல்லாத தீவுகளில் வாழும் விலங்குகளிலும் இந்த வேறுபாடு இருப்பதை வில்லியம் எபர்ஹார்ட் 1985இல் தன் நூலில் சுட்டிக்காட்டினார். கலக்க ஆளே இல்லாத இடத்தில் பூட்டு எதற்கு?

அவர் சொன்ன காரணம் வேறு. பல சிலந்திகளில் பெண் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களுடன் சேரும்; விந்தைச் சேமித்தும் வைக்கும். யாருடைய விந்து முட்டைக்குப் போகும் என்பதில் பெண்ணின் உடலுக்கும் பங்குண்டு. ஆணும் சும்மா இருப்பதில்லை. ஐரோப்பாவில் உள்ள குளவிச் சிலந்தியின் ஆண், தன் உறுப்பின் நுனியை உள்ளேயே முறித்து, அடுத்த ஆணுக்கு வழியை அடைத்துவிடும். இந்த இழுபறி ஒவ்வோர் இனத்திலும் ஒவ்வொரு விதமாகப் போவதால் உறுப்பின் வடிவமும் விரைவாக மாறுகிறது. 1998இல் ஆர்ன்குவிஸ்ட் பூச்சிகளை ஒப்பிட்டார். பெண் பல ஆண்களுடன் சேரும் கூட்டங்களில் இந்த வேறுபாடு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

பூட்டுச் சாவிக் கருத்து எங்குமே பொருந்தாது என்று நாங்கள் சொல்லவில்லை. அதை மட்டும் சொல்லிப் பாடத்தை மூடக்கூடாது என்கிறோம்.

ஹயா நல்ல பண்பு. ஆனால் பிள்ளையின் கேள்விக்குத் தப்ப அது சாட்டல்ல. பெற்றோரே, வீட்டில் இப்படிக் கேட்டால் ஏசாதீர்கள். நாளை அந்த வகுப்பில் எங்கள் பிழையைத் திருத்துவோம், இன்ஷா அல்லாஹ்.