லெவல் மெஷின் தப்பு, கூலி பிடித்தது கொத்தனாரிடம்

உங்களில் கட்டடத் தொழிலில் இருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

போன வாரம் என் தங்கை மகன் வீடு கட்டும் இடத்துக்குப் போயிருந்தேன். பேஸ்மட்டம் எழும்பியிருந்தது. இன்ஜினியர் தம்பி ஆட்டோ லெவலை ஒரு மூலைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, எதிர் மூலை 18 மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது என்றார். "டியூப் மட்டம் பார்த்துத்தான் சார் வச்சேன்" என்றார் கொத்தனார். "மெஷின் பொய் சொல்லுமா?" என்று ஒரே அதட்டல். மேல்வரிசைச் செங்கலை இடிக்க வைத்து, ஒரு நாள் கூலியையும் பிடித்துவிட்டார்கள்.

மெஷின் பொய் சொல்லும் தம்பி. வண்டியில் குலுங்கினாலும் கீழே விழுந்தாலும் அதன் பார்வைக்கோடு சாய்ந்துவிடும். குமிழி நடுவில் நின்றாலும் அந்தச் சாய்வு தெரியாது.

டூ பெக் டெஸ்ட் செய்யச் சொன்னேன். 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை. சரிபாதியில் லெவலை வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு பிழை. கழிக்கும்போது அடிபட்டுப் போகும். இரண்டாவது முளை 12 சென்டிமீட்டர் உயரம் என்று வந்தது. அதுதான் உண்மை. பிறகு லெவலை முதல் முளைக்கு 2 மீட்டர் அருகில் வைத்தோம். இப்போது 14.6! தூர வித்தியாசம் 26 மீட்டர், பிழை 26 மில்லிமீட்டர். மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்.

வீட்டுக்கு வாருங்கள். பக்கத்து மூலை 2 மீட்டர், எதிர் மூலை 20 மீட்டர். வித்தியாசம் 18. கொத்தனார் மேல் போட்ட அதே 18!

டியூபும் தவறும். உள்ளே காற்றுக்குமிழ் இருந்தால் கெட்டது. ஆனால் அந்த மனிதர் காலையில் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தண்ணீர் சமமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். படித்தவர் தன் கருவியைச் சோதிக்கவில்லை, படிக்காதவர் சோதித்தார்.

வகுப்பில் தராசுத் தட்டை மாற்றி வைத்துப் பார்க்கச் சொன்னேனே, மறந்துவிட்டீர்களா? அதே புத்திதான் இதற்கும். அரை மணி நேர வேலை. பிழை இருந்தால் சர்வீசுக்கு அனுப்புங்கள். அது வரும்வரை, பார்க்கும் இரண்டு இடத்துக்கும் நடுவில் லெவலை வையுங்கள்.

பிடித்த கூலி அன்று மாலையே திரும்பிவிட்டது. "தப்பு என்னுது" என்ற ஒரு வார்த்தை மட்டும் இன்னும் வரவில்லை. என் மாணவன் எவனும் அப்படி இருக்கக் கூடாது.